படுத்தால்தான் தருவார்களாம்

இயேசு மரி சூசை துணை

கடத்தூர்,
ஆகஸ்ட் 3

பாசமுள்ள மகள் ஆக்சிலியாவுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் மாதா புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், கோபத்துக்கு மட்டும் குறைவில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் பேச்சை எடுத்தால் மீட்டிங் என்கிறாய், வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. போன வாரம் ரிசல்ட் வந்துவிட்டது, என் ரத்தத்தில் அந்தக் கோளாறு இருக்கிறதாம், இனி நீயும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சரிம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்தவள்தான், அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி, பிறகு கோபித்துக்கொள்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வருகிறாள் என்பாய். ஆடிக் காற்று இந்த முறை மண்ணை வாரித்தான் அடிக்கிறது, துவைத்துப் போட்ட துணியை மறுபடி துவைக்க வேண்டியிருக்கிறது. மரவள்ளி பரவாயில்லை, ஆனால் கிழங்கு விலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இடது முழங்கால் வலி, தைலம் தேய்க்கச் சொன்னால் தேய்த்தாயிற்று என்று பொய் சொல்கிறார், பாட்டில் அப்படியே இருக்கிறது. பரலோக மாதா திருநாளுக்குச் சப்பரம் புதிதாகச் செய்யப் போகிறோம் என்று வீட்டுக்கு வீடு வசூல் நடக்கிறது, பழைய சப்பரத்துக்கு என்ன கேடு என்று கேட்டேன், கேட்டதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆன பிறகு எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று உன் அத்தை சூசையம்மாள் ஊரெல்லாம் சொல்கிறாளாம். வேலையில் இருந்தபோது மட்டும் என்ன குட்டையாகவா இருந்தது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து உனக்கு வந்த மெயிலைப் படித்துவிட்டு, ஏம்மா ஊரையே கூட்டி என் பேரைக் கெடுத்தே என்று என்னைத் திட்டினாய் அல்லவா. அன்றைக்கு நான் பதில் பேசவில்லை, உன் ஆபீஸ் நேரம் என்று விட்டுவிட்டேன். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று நீயே சொல். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் கட்டிக்கு ஆபரேஷன் ஆனபோது அரசாங்கக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது, எங்களை ஒரு ரூபாய் கேட்கவில்லை, அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இந்த மே மாதம் சேலத்துக்குச் செக்கப்புக்குப் போனேன். டாக்டர் சுசித்ரா பொறுமையாக உட்கார்ந்து வீட்டுக் கதையெல்லாம் கேட்டார். என் அக்கா, உன் பெரியம்மா ஆரோக்கியமேரி, நாற்பது வயதுகூட நிறையாமல் இதே வியாதியில் போனதைச் சொன்னேன். உடனே அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் எடுக்கணும்மா, உங்களுக்காக மட்டும் இல்லை, பொண்ணுக்காக என்றார். வியாதி வந்தவளிடம் முதலில் பார்க்க வேண்டுமாம். எந்த இடத்தில் கோளாறு என்று என்னிடம் தெரிந்துவிட்டால், உன்னிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதுமாம், அதற்குச் செலவும் கொஞ்சம்தானாம். என்னிடம் இருந்தால் உனக்கு இருக்கவும் இல்லாமல் போகவும் சரிபாதி வாய்ப்பு என்றார். அந்தச் சரிபாதியைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இந்த டெஸ்ட் அட்டையில் வராது என்று ஆஸ்பத்திரி கவுண்டரில் சொன்னார்கள். எவ்வளவு ஆகும் என்றேன். அந்தப் பெண் விலையைச் சொல்லாமல், இன்சூரன்ஸ் இருக்குதுங்களா இல்லீங்களா என்று கேட்டாள். காய்கறி வாங்கப் போனால் கையில் பையிருக்கிறதா என்று கேட்டுவிட்டா விலை சொல்வார்கள்? இல்லாவிட்டால் எவ்வளவு என்றேன், இருபத்து நாலாயிரம் என்றாள். இருந்தால் எவ்வளவு என்றேன், முப்பத்தெட்டாயிரம் என்றாள். நான் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன், அவளும் அதையே மறுபடி சொன்னாள். அதே ரத்தம், அதே குழாய், அதே லேப், இன்சூரன்ஸ் இருக்கிறவளுக்குப் பதினாலாயிரம் கூடுதல். அவங்க லேட்டா தருவாங்க, அதிலேயும் புடிச்சிக்கிட்டுத்தான் தருவாங்க, அதனால ரேட்டு வேறங்க என்றாள். நான் பையிலிருந்து பணத்தை எடுக்கப் போனேன், அப்பா கையைப் பிடித்தார். உனக்குப் போன் போட்டோம். நீ என்ன சொன்னாய்? கையிலிருந்து ஒத்தப் பைசா கொடுக்காதேம்மா, உங்க ரெண்டு பேரையும் பாலிசியில சேர்த்திருக்கேன், மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறான், அதுக்குத்தானே புடிக்கிறான் என்று சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை. மகள் சம்பளத்தில் பிடித்த பணம் எங்களுக்கு உதவுகிறது என்று அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

கவுண்டருக்குப் பின்னால் இன்சூரன்சுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி அறை, அதில் அருண்குமார் என்று ஒரு தம்பி. உன் கார்டை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, வந்து போறவங்களுக்கு எடுக்கிற டெஸ்டுக்கு இந்த பாலிசியில இடமில்லீங்கம்மா, ஒருநாள் அட்மிட் ஆனா போட்டுப் பாக்கலாம் என்றான். எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்குப் படுக்க வேண்டும் என்றேன். படுத்தாத்தான் தருவாங்க, எல்லாரும் இப்படித்தாங்கம்மா பண்றாங்க என்றான். சத்துணவில் இருந்த காலத்தில் வராத பிள்ளையை வந்ததாக நான் ஒரு நாளும் எழுதியதில்லை, ஆபீசர் கேட்டும் எழுதியதில்லை, அது உனக்கே தெரியும். இங்கே வராத தலைச்சுற்றலை வந்ததாக எழுதினார்கள். தலைச்சுற்றல், உடல் சோர்வு என்று என் பேருக்கு நேரே எழுதியிருந்ததைப் படித்தபோது கூசியது. அப்பாவைப் பார்த்தேன், அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி, பெண்ணுக்காக என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய இடத்தில் எதுவும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஜூன் முதல் வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அட்மிட் ஆனேன். யாருக்கும் சொல்ல வேண்டாம், ஒருநாள் விஷயம்தானே என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டையை மாட்டிவிட்டு, நன்றாக இருக்கிற கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள், அந்தக் குழாயோடு பாத்ரூம் போய்வருவதற்குள்தான் எனக்கு நிஜமாகவே தலை சுற்றியது. ரத்தம் ஒரு குழாய் எடுத்தார்கள், நான் வந்ததே அதற்குத்தான், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயம். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பெண்டாட்டி ஆஸ்பத்திரிச் சட்டையில் படுத்திருப்பதைப் பார்த்தால் அவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும் என்பது எனக்குப் புரிகிறது. அதனால் என்ன செய்தார் தெரியுமா? நம் கோவில் உபதேசியாருக்குப் போன் போட்டு, நாளைக்கு முதல் வெள்ளிப் பூசையில் இவளுக்காக ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாராம். ஜெபம் கேட்டதை நான் தப்பென்று சொல்ல முடியுமா? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இன்றுவரை இருக்கிறேன்.

உபதேசியார் நல்ல மனுஷன், எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். காலைப் பூசையில் ஒலிபெருக்கியில், சேலம் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு சிகிச்சை பெற்றுவரும் நமது பங்கைச் சேர்ந்த சவரியின் மனைவி மிக்கேலம்மாளுக்காக என்று பேர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து மன்றாடியிருக்கிறார். முதல் வெள்ளி என்பதால் கோவில் நிறையக் கூட்டம். சூசையம்மாள் பூசை முடியும்வரைகூடப் பொறுக்கவில்லையாம், நடுவிலேயே வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டு அழுதிருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த அப்பா உள்ளதையெல்லாம் சொல்லிவிட்டார், ஒன்றுமில்லை அழாதே, இன்சூரன்சுக்காகத்தான் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று. ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் பார்க்க வரமாட்டார்கள் என்று அப்பா நினைத்தார். தங்கையைப் பற்றி இத்தனை வருடமாகியும் அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அது பகையில் முடியும், பார்க்க வந்தாயா என்று பத்து வருடம் கழித்துக் கல்யாண வீட்டில் வைத்துக் கேட்பார்கள். நான் மட்டும் என்ன, போன வருடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு மொரப்பூர்க்காரியைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போனவள்தானே. சூசையம்மாளும் ஊர்க்காரர்களும் மாதப்பனுடைய டாடா ஏஸ் வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்து இறங்கிவிட்டார்கள்.

ரொட்டி, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, இளநீர், யாரோ ஒருத்தி வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த எண்ணெய் பாட்டில். நர்ஸ் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்றாள், இரண்டு இரண்டு பேராக எல்லோருமே உள்ளே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மாவா இருப்பார்கள், கட்டிலைச் சுற்றி நின்று ஜெபமாலை ஆரம்பித்தார்கள். ஜெபமாலை முடிந்ததும் பசி. வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் எப்படி அனுப்புவது, குளுக்கோஸ் முடிந்திருந்தது, நான் கட்டிலைவிட்டு இறங்கி ரொட்டியைப் பிரித்து ஜாம் தடவி ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் சூசையம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், வண்டியில் நின்றுகொண்டே வந்ததில் அவளுக்கு இடுப்பு வலி. அப்போதுதான் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்து, மிக்கேலம்மாள் நீங்கதானா என்று சூசையம்மாளைக் கேட்டார்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேரில் பார்க்க ஆள் வருவார்கள் என்று அருண்குமார் எனக்குச் சொல்லவே இல்லை. இவர் ஏதோ பெரிய டாக்டர் என்று சூசையம்மாள் நினைத்துவிட்டாள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், படுத்திருப்பவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாலும் யாராவது விசாரித்தால் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் சொல்வோம். வியாதியை வாயால் சொன்னால் அது வளர்ந்துவிடும் என்று ஒரு பயம். அவள் எழுந்து நின்று கும்பிட்டு, நான் இல்லீங்க சார், அதோ ரொட்டி குடுக்குதே அதுதான் எங்க அண்ணி, அதுக்கு ஒண்ணுமே இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது, காலையில நாலு இட்லி சாப்ட்டுதாம், தலைசுத்தலெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க, இன்சூரன்சு குடுக்கணும்னா படுத்தே ஆவணும்னாங்களாம், அதுக்குத்தான் படுத்திருக்குது, ரத்தம் குடுத்தாச்சி, சாயங்காலம் வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுவோம் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார்கள். வந்தவர் என் கையிலிருந்த ஜாம் கத்தியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். போகும்போது அவருக்கும் இரண்டு ரொட்டி கொடுத்தோம், வாங்கிக்கொண்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு வந்த மெயிலைத்தான் நீ பார்த்தாய். படுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனதால் பணம் தரமுடியாது என்று. அவர்கள் எழுதியது பொய்யென்று நான் சொல்லமாட்டேன். படுக்க வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் நானும் முதலிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். படுக்காமல் எடுத்தால் படுக்கவில்லை என்று தரமாட்டார்கள், படுத்து எடுத்தால் ஏன் படுத்தாய் என்று தரமாட்டார்கள். சூசையம்மாள் பொய் சொல்லியிருந்தால் தந்திருப்பார்கள். இதில் நான் யார் மேல் கோபப்படுவது என்று எனக்கே தெரியவில்லை, அதனால் எல்லோர் மேலும் படுகிறேன். வீட்டுக்குப் புறப்படும்போது பில்லை நீட்டினார்கள். அறை, குளுக்கோஸ், கையுறை, இரண்டு டாக்டர் வந்து எட்டிப் பார்த்ததற்குத் தனித்தனியாக என்று பதினெட்டாயிரம். டெஸ்டுக்கு எங்கே காணோம் என்றேன். இன்சூரன்ஸ் ஓகே ஆனாத்தான் லேபுக்கு அனுப்புவோம், அதனால ரத்தத்தை அனுப்பலீங்க என்றார்கள். என் ரத்தம் பிரிட்ஜில் இருந்து வீணாகப் போயிற்று. கவுண்டரிலேயே நின்று சத்தம் போட்டேன், அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார், இந்த முறை நான் விடவில்லை, ஒரு டாக்டர் எட்டிப் பார்த்த காசைக் குறைக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

வெளியே வரும்போது அந்த அருண்குமார் பின்னாலேயே வந்து, மன்னிச்சிக்கோங்கம்மா என்று தொடங்கி, டாக்டர் சீட்டை அனுப்பினா லேப்காரங்களே வூட்டுக்கு வந்து எடுப்பாங்க, இன்சூரன்சுன்னு ஒரு வார்த்தை பேசாதீங்க, ரொக்கம்னு சொல்லுங்க என்று ஒரு நம்பர் கொடுத்தான். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றேன், என் வேலை போயிடுங்கம்மா என்றான். அவனும் யாரோ பெற்ற பிள்ளைதானே, என்ன செய்வது. ஜூலையில் தருமபுரியிலிருந்து ஒரு பெண் வண்டியில் பெட்டி கட்டிக்கொண்டு வந்தாள், நம் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தாள், காபி குடித்தாள், போனாள். பதினாறாயிரம். ஆஸ்பத்திரியில் எடுக்காத டெஸ்டுக்குக் கொடுத்தது அதைவிட அதிகம். இருபத்து நாலு என்றார்கள், முப்பத்தெட்டு என்றார்கள், கடைசியில் பதினாறு. இந்த மூன்றில் எதுதான் நிஜமான விலை என்று ஒரு மனுஷன் எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறான். அரிசிக்கு விலை எழுதிப் போடாவிட்டால் கடைக்காரனுக்கு அபராதம் போடுகிற நாட்டில் இதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

ரிசல்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் சுசித்ராவிடம் போனேன். இருக்கிறது என்றார். எனக்கு அழுகை வரவில்லை, எனக்கு வந்து போன வியாதிதானே. உன் நினைப்பு வந்ததும்தான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நாமதான் முன்கூட்டியே தெரிஞ்சிக்கிட்டோமேம்மா, இது நல்லதுக்குத்தான் என்று டாக்டர் என் முதுகைத் தடவினார். உனக்கு இல்லையென்றால் அதோடு கவலை விட்டது, இருந்தால் வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கடுகளவு இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்றார். நீ முன்பு ஒருமுறை போனில் சொன்னாயே, டெஸ்ட் எடுத்து அது இருக்குன்னு பதிஞ்சிட்டா நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரனும் எனக்கு பாலிசி தரமாட்டான், தெரியாம இருக்கிறதே நல்லதும்மா என்று. அதையும் டாக்டரிடம் கேட்டேன். அது எனக்குத் தெரியாது, அதை வக்கீல்கிட்டத்தான் கேக்கணும் என்றார். கடத்தூரில் நோட்டரி வக்கீலிடம் கேட்டேன், அதை டாக்டர்கிட்டத்தான் கேக்கணும்மா என்றார். உன் பயம் முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை கண்ணு. நான் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு அவர்கள் எதையும் செய்வார்கள் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. சூசையம்மாளும் தன் பங்குக்கு, இது பரம்பரையாமே, வர்ற எடத்துல சொல்லாதீங்க அண்ணி என்று வந்து காதில் ஓதிவிட்டுப் போனாள். பாலிசி தருகிறவனுக்குப் பயந்து ஒன்று, பெண் எடுக்கிறவனுக்குப் பயந்து ஒன்று, இவர்களுக்கெல்லாம் பயந்து நீ உன் உடம்பை நீயே பார்க்காமல் இருக்கப் போகிறாயா?

என் அக்கா போனதைப் பற்றி நான் உன்னிடம் அதிகம் பேசியதில்லை. அவளுக்கு இப்படி ஒரு டெஸ்ட் இருப்பதே தெரியாது, தெரிந்திருந்தாலும் எடுக்க வழியில்லை. வலி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், போனபோது எல்லாம் பரவியிருந்தது. கடைசியில் அவள் பட்ட வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எனக்கு வந்தபோது ஆரம்பத்திலேயே தெரிந்ததால் பிழைத்து உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். நீ என்னைப் போல ஆக வேண்டும், அவளைப் போல ஆகக் கூடாது, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உன் டெஸ்டுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதற்கு உன் பாலிசியில் கேட்டுப்பார்க்கிறேன் என்று நீ கிளம்பினால் நான் சும்மா இருக்கமாட்டேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று இப்போது எனக்கு மனப்பாடம். உனக்குத்தான் வியாதி இல்லையே, எதற்கு டெஸ்ட் என்பார்கள். அவர்கள் கணக்கில் பணம் தருவதற்கு வியாதி வந்து, படுத்து, படுத்தது நிஜம்தான் என்று தெரிய வேண்டும். மறுபேச்சு பேசாமல் அவர்கள் பணம் கட்டுகிற நாள் உனக்கு வரவே கூடாது ஆக்சிலியா. அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அந்த லேப்காரர்களுக்குப் புனேயிலும் ஆள் இருக்கிறார்களாம். டாக்டர் சுசித்ராவிடம் உன் பேருக்குச் சீட்டு வாங்கி, என் ரிசல்டோடு சேர்த்து அனுப்பி, பணத்தையும் இங்கிருந்தே கட்டிவிட்டேன். வருகிற பதினாறாம் தேதி, சனிக்கிழமை, உனக்கு லீவு, காலையில் உன் ரூமுக்கே ஆள் வரும். அதற்கு முன்னால் டாக்டர் உனக்குப் போன் பண்ணி எல்லாம் விளக்குவார், எனக்கு வைத்தது போல அவருக்குப் போனை வைத்துவிடாதே. கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம், உனக்கு வயது இருபத்தெட்டு, கையைப் பிடித்து ரத்தம் எடுக்க என்னால் முடியாது. ஆனால் திறக்கவில்லை என்று தெரிந்தால் மறுபடி கட்டுவேன், அதற்கும் திறக்காவிட்டால் மறுபடியும் கட்டுவேன். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகுமாம். அந்த வாரத்துக்குச் சேலத்திலிருந்து எனக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்று. உன் மெயிலுக்குத்தான் வரும் என்றார்கள், வரட்டும், அதைத் திறக்கும்போது நீ தனியாக இருக்கக் கூடாது. உனக்கு ஹிந்தி தெரியாதே, எப்படி வருவாய் என்று ஆரம்பிக்காதே, பசித்தால் கேட்கவும் இறங்குகிற இடம் கேட்கவும் எந்த ஊரிலும் வாய் போதும்.

அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, திட்டி எழுதாதே என்றும் சொன்னார், இரண்டாவதை நான் கேட்கவில்லை. பரலோக மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உடம்பிலும் மனதிலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும். திருநாளன்றைக்குப் பக்கத்தில் கோவில் இருந்தால் போய் வா. கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்று ஒரு வரி போடு, நீலக் கோட்டை எல்லாம் நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா
மிக்கேலம்மாள்

பி.கு.: இந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியதில்லையாம், அந்தப் பெண்ணிடம் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். உனக்கு ஊசி என்றால் மயக்கம் வரும். சாப்பிட்டுவிட்டுக் கொடு.